கறவை மாட்டு மடிநோய்க்குச் சீன மூலிகைக் கலவை: ஆய்வுத் திட்டம் எழுதுமுன் எதையெல்லாம் உறுதி செய்ய வேண்டும்?

கேள்வி: வேப்பேரி_ஆய்வாளர்

வணக்கம். சென்னையைச் சுற்றி, குறிப்பாக மாதவரம், செங்குன்றம், காட்டுப்பாக்கம் பக்கத்துக் கலப்பினக் கறவை மாடுகளில் மடிநோய்க்கு ஒரு சீன மூலிகைக் கலவையைச் சோதிக்க ஆய்வுத் திட்டம் எழுதுகிறேன்.

2020 ஜூலை 1 முதல் சீனாவில் வளர்ச்சியூக்கி மருந்துகள் கலந்த தீவனம் தயாரிப்பது நிறுத்தப்பட்டது. மரபு மூலிகைகளுக்கு மட்டும் அந்தத் தடையிலிருந்து விலக்கு உண்டு. அதன் பிறகு அங்கே கால்நடைக்கான மூலிகை மருந்துகள் மீது கவனம் கூடியிருக்கிறது. இங்கும் 2019-இல் உணவுக்கான விலங்குகளுக்குக் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் தடை செய்யப்பட்டது. மடிக்குள் செலுத்தும் ஆன்டிபயாடிக் டியூப்களைக் குறைக்க வழி தேடுகிறோம்.

எடுத்துக்கொண்ட கலவை 'கோங்யிங் சான்'. சீனக் கால்நடை ஃபார்மகோப்பியாவில் (அரசு மருந்துத் தர நூல்) மடிநோய்க்கென்றே சொல்லப்பட்ட பொடி இது. அளவு: பூகோங்யிங் (டராக்சகம்) 60 கிராம், ஜின்யின்ஹுவா (லோனிசெரா ஜப்பானிகா பூமொட்டு) 60, லியன்ச்சியாவ் (ஃபோர்சிதியா சஸ்பென்சா காய்) 60, நுரைப்பீர்க்கு நார் 30, தோங்சாவ் (டெட்ராபேனாக்ஸ் தண்டின் நெட்டி) 25, ஃபூரோங்யே (ஹைபிஸ்கஸ் மியூட்டபிலிஸ் இலை) 25, ஜெபெய்மு (ஃபிரிடிலாரியா துன்பெர்கி கிழங்கு) 30. மாட்டுக்கு ஒரு வேளை 250 முதல் 300 கிராம்.

இப்போதுள்ள திட்டம்: முதலில் அகார் குழி முறையில் (கிருமி வளரும் தட்டின் குழியில் சாற்றை விட்டு, சுற்றிலும் கிருமி வளராத வட்டத்தை அளப்பது) ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், ஈ.கோலைக்கு எதிராகச் சோதனை. பிறகு 24 மாடுகள், குழுவுக்கு 12. ஒரு குழுவுக்குப் பொடி 5 நாள், மற்றதற்கு வழக்கமான ஆன்டிபயாடிக். 7-ஆம் நாள் சி.எம்.டி. (பாலில் மடி அழற்சியைக் காட்டும் தொழுவச் சோதனை) பார்த்து முடிவு.

என் ஐயங்கள் மூன்று. சரக்கை எங்கே, எப்படி வாங்குவது? கிடைக்காத மூலிகைக்கு இங்குள்ளதை மாற்றிப் போடலாமா? இந்த வடிவமைப்பு தாங்குமா?

பதில்: மூலிகை_வேதியியல்

மூன்றாவது கேள்வியை மற்றவர்களுக்கு விட்டுவிடுகிறேன். சரக்கைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன். மூலிகை ஆய்வுகளில் பெரும்பாலானவை கவிழ்வது இந்த இடத்தில்தான்.

உங்கள் பட்டியலில் ஆபத்தானது ஐந்தாவது பெயர், தோங்சாவ். சீன மருந்து நூல்களில் 'தோங்சாவ்', 'முதோங்' என்ற பெயர்கள் காலத்துக்குக் காலம் இடம் மாறியிருக்கின்றன. பழைய நூல்களில் தோங்சாவ் என்றது இன்று முதோங் எனப்படும் அகேபியா கொடியை. அந்த முதோங் என்ற பெயரிலேயே பின்னாளில் குவான்முதோங் என்ற அரிஸ்டோலோகியா கொடி சந்தைக்கு வந்தது. அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைப் பாழாக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். 2003-இல் சீனாவே அதை மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது. நம்மூர் ஆடுதீண்டாப்பாளையும் அதே பேரினம். பெயரை மட்டும் எழுதி ஆர்டர் போட்டால் என்ன வரும் என்று சொல்ல முடியாது. கறவை மாட்டுக்குக் கொடுக்கிறோம், பால் மனிதருக்குப் போகிறது என்பதை மறக்கக் கூடாது.

தோங்சாவை அடையாளம் காண்பது எளிது. உண்மையான சரக்கு வெண்மையாக, நம்மூர் நெட்டி போலவே பஞ்சு மாதிரி இருக்கும். விரலால் அழுத்தினால் அமுங்கும், எடையே தெரியாது. கட்டைத் துண்டாக, மஞ்சள் பழுப்பாக, குறுக்கு வெட்டில் சக்கர ஆரம் போல் கோடு தெரிந்தால் அது கொடி, தோங்சாவ் அல்ல. கண்ணுக்குச் சரி என்று பட்டாலும் திரவக் குரோமடோகிராபி, நிறை நிறமாலை இணைத்து அரிஸ்டோலோகிக் அமிலம் 1, 2 இரண்டும் இல்லை என்று உறுதி செய்யாமல் ஒரு மாட்டுக்கும் கொடுக்காதீர்கள்.

அடுத்த சிக்கல் ஜின்யின்ஹுவா. லோனிசெரா ஜப்பானிகாவின் மொட்டு விலை அதிகம். அதன் இடத்தில் வேறு லோனிசெரா இனங்களின் மொட்டுகள், 'ஷான்யின்ஹுவா' எனப்படுபவை, கலக்கப்படும். 2005 பதிப்புச் சீன ஃபார்மகோப்பியா இரண்டையும் தனித்தனி மருந்தாகப் பிரித்துவிட்டது. குளோரோஜெனிக் அமிலத்தை மட்டும் அளந்தால் ஏமாந்து போவீர்கள், ஏனென்றால் ஷான்யின்ஹுவாவில் அது இன்னும் அதிகம். லூட்டியோலின்-7-குளுக்கோசைடையும் சேர்த்து அளங்கள். அது போதிய அளவு இருந்தால்தான் ஜின்யின்ஹுவா.

லியன்ச்சியாவுக்கு ஃபோர்சிதியாசைடு ஏ, ஃபிலிரின் இரண்டும் குறியீட்டுப் பொருள்கள், அதாவது சரக்கின் தரத்தை அளக்க உதவும் வேதிப்பொருள்கள். ஜெபெய்முவின் பெய்மீன், பெய்மினீன் ஆல்கலாய்டுகளுக்குப் புற ஊதா உறிஞ்சல் கிட்டத்தட்ட இல்லை. வழக்கமான புற ஊதா டிடெக்டரில் சிகரமே வராது. ஆவியாக்கி ஒளிச்சிதறல் பார்க்கும் டிடெக்டர் வேண்டும். இந்தக் கிழங்கைப் பூச்சி அரிக்காமல் இருக்கக் கந்தகப் புகை போடும் பழக்கமும் உண்டு. அளவுக்கு மீறி வெளுத்து, மூக்கைத் துளைக்கும் நெடி இருந்தால் சல்ஃபர் டைஆக்சைடு எச்சம் பாருங்கள்.

கன உலோகம்: ஈயம் 10, ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பி.பி.எம். என்ற வரம்புக்குள் வர வேண்டும். அஃப்ளடாக்சின் சோதனையை விட்டுவிடாதீர்கள். சரியாகக் காயாத 300 கிராம் பொடியில் அஃப்ளடாக்சின் பி1 இருந்தால், மாட்டின் ஈரலில் அது எம்1 ஆக மாறிப் பாலில் இறங்கும். பாலில் எம்1-க்கு இந்திய வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான்.

தயாராக வரும் பாக்கெட் பொடியை வாங்க நினைத்தால் இன்னொரு எச்சரிக்கை. மூலிகைக் கால்நடை மருந்துகளில் சட்டத்துக்குப் புறம்பாக ஆன்டிபயாடிக், வலிநீக்கி கலப்பதைக் கண்டுபிடிக்கச் சீன அரசே சோதனை முறைகளை வெளியிட வேண்டி வந்தது. ஃபுளோர்ஃபெனிக்கால், என்ரோஃப்ளாக்சசின், டைக்ளோஃபெனாக் மூன்றுக்காவது சோதியுங்கள். மாடு குணமானது மூலிகையாலா, உள்ளே கலந்திருந்த ஆன்டிபயாடிக்காலா என்று தெரியாமல் போனால் ஆய்வு முழுவதும் வீண். தனித்தனிச் சரக்காக வாங்கி இங்கே அரைப்பதையே நான் சொல்வேன்.

இறக்குமதிக்கு முன் அனுமதிச் சீட்டும் ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். சென்னையில் இதைப் பார்ப்பது மீனம்பாக்கத்தில் உள்ள தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம். சரக்கு துறைமுகத்துக்கு வந்த பிறகு சீட்டுக்கு ஓடினால் கண்டெய்னருக்குள் வெயிலில் கிடந்து வீணாகும். ஒவ்வொரு மூலிகையிலும் ஒரு மாதிரியை உலர்தாவரப் பதிவு எண்ணோடு ஒப்படையுங்கள். கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் தென் மண்டல நிலையத்தை அணுகலாம்.

பதில்: மடி_மருத்துவர்

24 மாடு, 7-ஆம் நாள் சி.எம்.டி. இந்த இரண்டையும் முதலில் அடித்துவிடுங்க டாக்டர்.

மடிநோயில் ஒரு பங்கு தானாகவே சரியாகிவிடும். முக்கியமாக ஈ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் கிருமியால் வந்த லேசான கேஸ், நாம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாலும் பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். அந்தக் கேஸ்கள் பொடிக் குழுவில் அதிகம் விழுந்தால் பொடி வேலை செய்தது போலத் தெரியும். நாள்பட்ட ஸ்டஃப் ஆரியஸ் அதிகம் விழுந்தால் எந்த மருந்தும் தோற்றது போலத் தெரியும். அதனால் முதல் நாளே பால் மாதிரி எடுத்து வளர்ப்பு போட்டு, கிருமி வாரியாகப் பிரித்துத்தான் குழுவில் சேர்க்கணும்.

தீவிரத்தையும் மூன்றாகப் பிரியுங்க. பாலில் மட்டும் திரிதிரியாக இருந்தால் 1. மடியும் வீங்கிச் சூடாக இருந்தால் 2. காய்ச்சல், தீவனம் எடுக்காமை, சோர்வு இருந்தால் 3. மூன்றாம் நிலை மாட்டை இந்த ஆய்வில் சேர்க்கவே கூடாது. அது உயிருக்கு ஆபத்து; திரவம், வலிநீக்கி, ஆன்டிபயாடிக் உடனே போயாகணும். ஒன்று, இரண்டாம் நிலை மாட்டுக்கு, வளர்ப்பு முடிவு வரும் வரை 24 மணி நேரம் ஆன்டிபயாடிக்கைத் தள்ளி வைப்பதில் பெரிய தீங்கு இல்லை. ஆனால் யாரை எப்போது ஆய்விலிருந்து வெளியே எடுத்து முழுச் சிகிச்சைக்கு மாற்றுவது என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்க: மலக்குடல் வெப்பம் 103 டிகிரி ஃபாரன்ஹீட் தாண்டுவது, தீவனம் பாதிக்குக் கீழ் குறைவது, பால் தண்ணீராகவோ இரத்தமாகவோ மாறுவது. இதில் ஒரு சென்னை விஷயம்: மே மாத மதியத்தில் நோய் இல்லாத கலப்பின மாட்டுக்கே வெக்கையில் 103 காட்டும். காலைக் கறவைக்கு முன், ஐந்தரை மணி வாக்கில் அளந்ததை மட்டும் கணக்கில் எடுங்க.

மாதிரி எடுக்கும் முறை. காம்பைக் கழுவித் துடைத்து நன்றாகக் காய விடணும். முதல் இரண்டு மூன்று பீச்சு கீழே. பிறகு 70 சதவீத ஆல்கஹால் பஞ்சால் காம்பு நுனியைத் தேய்க்கணும். தூரத்துக் காம்பை முதலில், நம் பக்கத்துக் காம்பைக் கடைசியில். பால் பிடிக்கும்போது வரிசை தலைகீழ்: பக்கத்தில் இருப்பதை முதலில், தூரத்ததைக் கடைசியில். இல்லையென்றால் துடைத்த காம்பில் கை பட்டுவிடும். டியூபைச் சாய்த்துப் பிடிங்க, நேராகப் பிடித்தால் மடியிலிருந்து தூசும் முடியும் உள்ளே விழும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகம் சேரணும். ஒரு மாதிரியில் மூன்று நான்கு வகைக் கிருமி வளர்ந்தால் அது கறந்தவரின் கை, திரும்ப எடுங்க.

குணமா இல்லையா என்பதை 14-ஆம் நாளும் 21-ஆம் நாளும் எடுக்கும் இரண்டு மாதிரியை வைத்துச் சொல்லணும். ஸ்டஃப் ஆரியஸ் விட்டு விட்டு வெளியேறும் கிருமி. ஒரே மாதிரியை நம்பினால் இருக்கும் கிருமியை இல்லை என்று எழுதிவிடுவோம். அதோடு உடற்செல் எண்ணிக்கை மில்லிக்கு 2 லட்சத்துக்குக் கீழ் இறங்கியதா என்றும் பாருங்க. சி.எம்.டி. தொழுவத்தில் மாட்டைத் தேர்ந்தெடுக்கப் போதும், ஆய்வின் முடிவைச் சொல்ல அது போதாது. பார்ப்பவர் கண்ணைப் பொறுத்து மாறும்.

300 கிராம் பொடியை மாட்டுக்குள் எப்படி அனுப்பப் போறீங்க? தவிட்டில் கலந்தால் லியன்ச்சியாவின் கசப்பில் பாதி மாடு ஒதுக்கிவிடும். மிச்சத்தை எடை போட்டுக் குறிக்காவிட்டால் கொடுத்த அளவே தெரியாது. கொதிநீரில் ஊறவைத்துப் புகட்டுவதென்றால் ஒன்றரை இரண்டு லிட்டர் ஆகும். தலையை முதுகு மட்டத்துக்கு மேல் தூக்கி, நாக்கை இழுத்துப் பிடித்துப் புகட்டினால் நுரையீரலுக்குப் போய் நிமோனியா. இருமினால் உடனே தலையை விட்டுவிடணும். என் பரிந்துரை: பழகிய ஆள் வயிற்றுக் குழாய் போடுவது. அது முடியாத தொழுவத்தில் கருப்பட்டி சேர்த்து உருண்டையாகப் பிடித்துக் கொடுங்க. எல்லாக் குழுவுக்கும் அதே அளவு கருப்பட்டி போகணும்.

யாராவது 'சாறு எடுத்து வடிகட்டி மடிக்குள்ளேயே செலுத்திப் பார்க்கலாமே' என்று சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். கிருமி நீக்கம் சரியாக இல்லாத திரவம் காம்பு வழியாகப் போனால் ஈஸ்ட், நோகார்டியா உள்ளே குடியேறும். அந்த மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் பெரும்பாலும் வேலை செய்யாது. அந்தக் காம்பே போய்விடலாம்.

வேப்பேரி_ஆய்வாளர்

இருவருக்கும் நன்றி. மாட்டு எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்பது புரிகிறது, எவ்வளவு என்று சொல்ல முடியுமா? மடி_மருத்துவர் ஐயா, மூன்றாவது குழுவாக நம்மூர் கற்றாழைப் பூச்சை வைக்கலாமா? ஆய்வகப் பகுதியில் அகார் குழி முறை போதுமா என்றும் யாராவது சொல்லுங்கள்.

பதில்: புள்ளியியல்_தொழுவம்

ஒப்பீட்டுக் குழுவில் பாதி மாடு குணமாகும், பொடியில் 70 சதவீதம் குணமாகும் என்று வைத்துக்கொண்டால், 5 சதவீதப் பிழை, 80 சதவீதத் திறனுக்கு (உண்மையில் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) குழுவுக்குச் சுமார் 93 மாடு வேண்டும். 12-12 என்று வைத்தால் 6-க்கு 6, 8-க்கு 6 என்று எது வந்தாலும் ஒன்றும் சொல்ல முடியாது.

இன்னொன்று. நீங்கள் ஆன்டிபயாடிக்கோடு ஒப்பிட்டு 'வேறுபாடு இல்லை' என்று வந்தால் பொடியும் அதற்குச் சமம் என்று எழுத நினைக்கிறீர்கள். வேறுபாடு தெரியவில்லை என்பதும் சமம் என்பதும் வேறு வேறு. 'ஆன்டிபயாடிக்கைவிட 15 சதவீதத்துக்கு மேல் மோசமில்லை' என்று நிறுவ, குணவீதம் 60 சதவீதம் என்றால், குழுவுக்கு ஏறக்குறைய 167 மாடு. அந்த 15 என்ற எல்லையை முதலிலேயே அறிவித்துவிட வேண்டும், முடிவைப் பார்த்துவிட்டு வைக்கக் கூடாது. இரண்டு கேள்வியில் எது உங்கள் கேள்வி என்று இன்றே முடிவெடுங்கள். எண்ணிக்கை, செலவு, காலம் எல்லாம் அதிலிருந்துதான் வரும்.

அலகு மாடு, காம்பு அல்ல. ஒரு மாட்டின் நான்கு காம்பையும் நான்கு தனித் தரவாக எண்ணிப் போலி எண்ணிக்கை காட்டும் கட்டுரைகள் ஏராளம். வாய்வழி மருந்து நான்கு காம்புக்கும் ஒன்றாகத்தான் போகிறது. தொழுவம் வாரியாகக் கட்டங்களாகப் பிரித்துக் குலுக்குங்கள். ஒரு தொழுவத்து மாடெல்லாம் ஒரே குழுவில் விழுந்தால், அந்தக் கறவைக்காரரின் கைச்சுத்தத்தைத்தான் அளப்பீர்கள். ஈற்று எண், கறவை நாள், கிருமி மூன்றும் பகுப்பாய்வில் வர வேண்டும்.

பொடியின் வாசனையை மறைக்க முடியாது, மாட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். ஆய்வகத்தில் வளர்ப்பும் செல் எண்ணிக்கையும் பார்ப்பவருக்காவது குழு தெரியாமல் குறியீட்டு எண்ணோடு மட்டும் டியூப் போகட்டும்.

இந்த எண்ணிக்கையைச் சரக்காக மாற்றிப் பாருங்கள்: 93 மாடு, 5 நாள், நாளுக்கு 300 கிராம் என்றால் 139.5 கிலோ பொடி, 465 பொட்டலம். ஒரே தொகுதியாக வாங்குவது இதனால்தான் முக்கியம். இடையில் சரக்கு தீர்ந்து அடுத்த அறுவடைச் சரக்கு வந்தால் முதல் 50 மாட்டுக்கு ஒரு மருந்து, மீதிக்கு வேறு மருந்து என்றாகிவிடும்.

பதில்: ரூமென்_ஆய்வகம்

அகார் குழி முறையை விட்டுவிடுங்கள். கனமான மூலக்கூறும் கொழுப்பில் கரையும் பொருளும் அகாரில் பரவாது. சிறியதும் நீரில் கரைவதும் பரவும். வட்டத்தின் அகலம் பரவலைக் காட்டும், வீரியத்தை அல்ல. குழம்பு நீர்த்தல் முறையில் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவைப் பாருங்கள். ஸ்டஃபுக்கு ஏ.டி.சி.சி. 29213 ஒப்பீட்டு இனம், அதோடு உங்கள் பகுதி மாடுகளில் பிரித்தெடுத்த கிருமிகள். சாற்றைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. கரைப்பான் இறுதியில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சாற்றின் பழுப்பு நிறத்தில் கலங்கல் தெரியாது, ரெசசூரின் சாயம் சேர்ப்பார்கள். ஆனால் பாலிஃபீனால்கள் கிருமியே இல்லாமலும் அந்தச் சாயத்தை நிறம் மாற்றும். சாறும் சாயமும் மட்டும் உள்ள குழி ஒன்று கட்டாயம், ஐயம் வந்தால் தட்டில் பரப்பி எண்ணுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் இனி. உங்கள் சாறு மில்லிக்கு 2 மில்லிகிராமில் கிருமியைத் தடுத்தது என்று வைத்துக்கொள்வோம். 300 கிராம் பொடியில் ஒரு குறிப்பிட்ட வேதிப்பொருள் 1 கிராம் இருந்து, அது முழுவதும் உறிஞ்சப்பட்டு, 400 கிலோ மாட்டின் உடலில் சமமாகப் பரவினாலும் ஒரு கிராம் திசுவுக்கு 2.5 மைக்ரோகிராம்தான் வரும். உண்மையில் அதுவும் வராது. அசையூண் வயிற்று நுண்ணுயிரிகள் குளோரோஜெனிக் அமிலத்தையும் ஃபோர்சிதியாசைடையும் மடிக்குப் போகுமுன்பே உடைத்துவிடும். ஆகவே இந்தப் பொடி வேலை செய்தால், கிருமியை நேரடியாகக் கொன்று அல்ல, அழற்சியையும் மாட்டின் எதிர்ப்பாற்றலையும் தொட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். பாலில் ஹாப்டோகுளோபின், சீரம் அமிலாய்டு ஏ என்ற அழற்சியைக் காட்டும் புரதங்கள் இரண்டையும் 0, 3, 7, 14-ஆம் நாள்களில் அளக்கத் திட்டத்தில் பணம் ஒதுக்குங்கள். அகார் தட்டில் வட்டம் வந்ததைக் காட்டி மடிநோய் குணமாகும் என்று எழுதுவதைவிட இது நேர்மையானது.

மாட்டுக்குப் போகுமுன் ஆய்வகத்தில் இரண்டு வேலை. ஒன்று, பொடியை ரூமென் (அசையூண் வயிறு) திரவத்தில் 39 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து, 0, 4, 8, 24 மணியில் குறியீட்டுப் பொருள்களை அளப்பது. எது எஞ்சுகிறது என்று அப்போது தெரியும். இரண்டு, வாயுச் சோதனை: 200 மில்லிகிராம் தீவனம், ஒரு பங்கு ரூமென் திரவமும் இரண்டு பங்கு தாங்கற்கரைசலும் சேர்ந்த 30 மில்லி, 24 மணி நேரம், பொடியோடும் பொடி இல்லாமலும். வாயு கணிசமாகக் குறைந்தால் அந்த அளவு மாட்டின் செரிமானத்தைக் கெடுக்கும். பிறகு பால் குறைந்ததற்கு மடிநோயைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

பதில்: சித்தம்_கால்நடை

மாற்றுச் சரக்கு பற்றிக் கேட்டீர்கள். ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடைகளில் இந்த ஏழும் கிடைக்காது. சீனச் சரக்கு சித்தத்துக்கு அந்நியம் என்று சொல்லவில்லை; பறங்கிப்பட்டை சீனாவிலிருந்து வந்து நம் மருந்தில் கலந்துவிட்டதுதான். ஆனால் நுரைப்பீர்க்கு நார் தவிர வேறெதையும் இங்குள்ளதை வைத்து ஈடு செய்யாதீர்கள். ஹைபிஸ்கஸ் மியூட்டபிலிஸ் இலைக்குப் பதில் செம்பருத்தி இலையைப் போட்டால் அது கோங்யிங் சான் அல்ல, நீங்கள் உருவாக்கிய புதுக் கலவை. அப்படியானால் அந்தப் பெயரிலேயே எழுதுங்கள்.

பெயர் ஒத்திருப்பதை நம்பி மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆர்ட்டிமிசியா நல்ல பாடம். மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் கிடைப்பது ஆர்ட்டிமிசியா அன்னுவாவில். நம் பூக்கடையில் கிடைக்கும் மாசிப்பச்சை அதே பேரினத்தில் வேறு செடி, அதை வைத்து அந்த ஆய்வைச் செய்ய முடியாது. சரியான செடியை எடுத்தவர்களுக்கும் கொதிக்க வைத்தபோது வேலை செய்யவில்லை. 4-ஆம் நூற்றாண்டுச் சீன மருத்துவர் கே ஹோங் குறிப்பில் இலையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்ததைப் படித்த பிறகுதான் சீன விஞ்ஞானி து யூயூ குறைந்த வெப்பத்தில் ஈதரில் பிரித்தெடுத்தார். 2015-இல் நோபல் பரிசு வந்தது அதற்கு. நூலில் பொடி என்றிருந்தால் பொடியாகவே கொடுங்கள், கஷாயம் என்றிருந்தால் கஷாயமாகவே. கஷாயத்திலும் ஒரு கண்ணி உண்டு: பெர்பெரின் உள்ள ஹுவாங்லியனையும் பைகாலின் உள்ள ஹுவாங்ச்சினையும் சேர்த்துக் கொதிக்க வைத்தால் இரண்டும் இணைந்து வண்டலாகப் படியும். தெளிவு வேண்டும் என்று வடிகட்டி எறிந்தால் மருந்தையே எறிகிறீர்கள்.

இரு மரபிலும் இருக்கும் செடியை வைத்து அடுத்த ஆய்வைத் தொடங்கலாம் என்பது என் கருத்து. நிலவேம்பு சீனத்தில் சுவான்சின்லியன். அங்கும் கால்நடைக் கழிச்சலுக்குக் கொடுக்கிறார்கள். இங்கேயே விளையும், ஆண்ட்ரோகிராபோலைடு அளப்பதும் சுலபம். பூக்கத் தொடங்கும் பருவத்தில் அறுத்தால் இலையில் அது அதிகம் இருக்கும். தண்டோடு சேர்த்து அரைத்து விற்பதை வாங்கினால் பாதிதான் வரும்.

கற்றாழைக் குழுவைத் தாராளமாகச் சேருங்கள், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் பரப்பிய முறையை அப்படியே பின்பற்றி: சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50, சுண்ணாம்பு 15. அரைத்தால் செந்நிறக் களிம்பாகும். செந்நிறம் வராவிட்டால் சுண்ணாம்பு பழையது, காற்றில் கார்பனேட்டாக மாறிவிட்டது. ஒரு கை அளவு களிம்பைத் தண்ணீரில் கரைத்து, கறந்து கழுவிய மடி முழுக்க நாளுக்கு 8 முதல் 10 முறை, 5 நாள். அன்றன்றைக்குப் புதிதாக அரைக்க வேண்டும். கறக்குமுன் கழுவாவிட்டால் சுண்ணாம்பும் மஞ்சளும் பாலில் இறங்கும். நாளுக்கு 8 முறை மடியைத் தொட்டுத் துடைப்பதே ஒரு சிகிச்சை என்பதால், பொடிக் குழுவின் மடியையும் வெறும் தண்ணீரால் அதே எண்ணிக்கையில் கழுவச் செய்யுங்கள்.

பதில்: மூலிகை_வேதியியல்

465 பொட்டலம் என்றதும் அரைப்பதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தோங்சாவ் நெட்டி, பீர்க்கு நார் இரண்டும் பஞ்சு எடை. ஜெபெய்மு மாவு போல் கனம். 140 கிலோவையும் ஒரு டிரம்மில் கொட்டிச் சுழற்றினால் கனமானது கீழே, நெட்டி மேலே பிரிந்து நிற்கும். மேல் பொட்டலத்தில் ஆல்கலாய்டு இல்லை, அடிப் பொட்டலத்தில் இரட்டிப்பு என்றாகும். பீர்க்கு நாரை 60 டிகிரியில் மொறுமொறுப்பாகக் காய வைத்துச் சூடு ஆறுமுன் அரையுங்கள், ஈரம் ஏறினால் நாராகவே சுருண்டுகொள்ளும். நெட்டியைத் தனியாக அரைக்காமல் ஜெபெய்முவோடு சேர்த்து அரைத்தால் மாவு அதைப் பிடித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே சல்லடையில் சலித்து, சிறிய அளவில் தொடங்கி ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கிக் கலக்குங்கள். மேல், நடு, அடி என்று 10 இடத்தில் எடுத்து ஃபோர்சிதியாசைடும் பெய்மீனும் அளங்கள். வேறுபாடு 10 சதவீதத்துக்குள் இல்லை என்றால் மறுபடி கலக்க வேண்டும்.

சென்னைக் காற்றில் திறந்து வைத்த பொடி இரண்டே நாளில் ஈரம் இழுக்கும், மழைக்காலத்தில் பூஞ்சை. ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழ் இருக்கும்போதே அலுமினியப் பையில் 300 கிராம் வீதம் அடைத்து ஒட்டுங்கள். அரைப்பதை நவம்பரில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பதில்: மடி_மருத்துவர்

பால் விஷயம் விட்டுப்போச்சு. இந்தப் பொடிக்குப் பாலில் எச்ச வரம்பு எதுவும் நிர்ணயிக்கப்படவில்லை. மருந்து கொடுக்கும் 5 நாளும் அதன் பின் குறைந்தது 3 நாளும் அந்தப் பால் சங்கத்துக்கோ வீட்டுக்கோ போகக் கூடாது. ஆன்டிபயாடிக் குழுவுக்கு லேபிளில் உள்ள காலம் 8 நாளைவிட நீளமாக இருந்தால் எல்லாக் குழுவுக்கும் அதையே வையுங்க. கொட்டும் பாலுக்கு மாட்டுக்காரருக்குப் பணம் கொடுக்கும் செலவு திட்டத்திலேயே இருக்கணும். நாளுக்கு 10 லிட்டர் கறக்கும் மாடு என்றால் ஒரு மாட்டுக்கு 80 லிட்டர். இது இல்லாமல் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து மட்டும் வாங்கினால், மூன்றாம் நாளே பால் சங்கத்துக்குப் போகும். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அதுதான் அவர்கள் வருமானம்.

நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவுக்குப் போகும் விண்ணப்பத்தில் இந்தப் பால் விலையையும், ஆய்விலிருந்து வெளியே எடுக்கும் வெப்பநிலை வரம்பையும் தனித் தலைப்பாகவே எழுதுங்க. ஒப்புதல் படிவம் தமிழில், மாட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டி.

வேப்பேரி_ஆய்வாளர்

இப்போதைய முடிவு: முதல் ஆண்டு மாடு கிடையாது. சரக்கை அடையாளம் காண்பது, அரிஸ்டோலோகிக் அமிலச் சோதனை, ரூமென் திரவத்தில் 24 மணி நேர அளவீடு, வாயுச் சோதனை, கலவையின் சீர்மை இவை மட்டும். இரண்டாம் ஆண்டு மூன்று குழு: பொடி, கற்றாழைப் பூச்சு, வளர்ப்பு முடிவு வந்த பின் தேவைக்கேற்ற ஆன்டிபயாடிக். என் கேள்வி 'மோசமில்லையா' என்பதுதான். ஆகவே குழுவுக்கு 167, இடையில் விலகுவோருக்காகக் கூடுதலாகப் பத்து சதவீதம். ஒரே கல்லூரியால் இவ்வளவு மாடு சேர்க்க முடியாது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் மடிநோய் வளர்ப்பு வசதியுள்ள ஆய்வகங்களோடு சேர்ந்து செய்ய விருப்பமுள்ளவர்கள் இங்கேயே எழுதுங்கள்.

மூலிகை_வேதியியல், ஒரு கேள்வி மிச்சம்: பொட்டலங்களில் எத்தனையைப் பின்னாளைய சோதனைக்கு ஒதுக்கி வைக்க வேண்டும்?

பதில்: மூலிகை_வேதியியல்

கலவையில் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று மூன்றாக 9 பொட்டலம், தனிச் சரக்கு ஒவ்வொன்றிலும் அரைக்காதது 200 கிராம். ஒரு பாதி குளிர்சாதனத்தில், மறு பாதி மருந்து வைக்கும் அதே தொழுவ அலமாரியில். 0, 3, 6, 12-ஆம் மாதங்களில் இரண்டையும் அளந்தால், கடைசி மாட்டுக்குப் போன பொடியும் முதல் மாட்டுக்குப் போன பொடியும் ஒன்றுதானா என்று காகிதத்தில் காட்ட முடியும்.